அம்மா கேட்ட ஏரிப் படம்: லாக் ஸ்கிரீன் படங்கள் எங்கிருந்து வருது, எங்கே போகுது?

வழக்கம்போல இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது நூறு தடவை வந்த "அப்புறம்", "வந்து" எல்லாத்தையும் வெட்டிட்டேன். ஃபோல்டர் பெயர்களைக் காதால கேட்டு டைப் பண்ண முடியலைன்னு போன தடவை நிறைய பேர் திட்டினீங்க. அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்கே படிப்படியா எழுதியிருக்கேன்.

இன்னைக்கு விஷயம் ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் பாஸ்வேர்டு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு மலை, ஒரு கடற்கரை, ஒரு காடுன்னு தினம் ஒரு படம் வருதே, அது. "இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு நானும்தான் நினைச்சிருப்பேன். ஆனா இந்தப் படங்கள்ல ஒண்ணுதான் எங்க வீட்ல ஒரு பெரிய முடிவை மாத்திச்சு. அதனால கதையை முதல்லேருந்து சொல்லிடறேன்.

பச்சையா, நீலமா?

நான் வாரத்துல மூணு நாள் திண்டுக்கல்ல எங்க வீட்லேருந்துதான் வேலை பாக்கறேன். அலுவலக லேப்டாப்ல கம்பெனி லோகோதான் லாக் ஸ்கிரீன், அதை மாத்த முடியாது. பக்கத்துல இருக்கற என் சொந்த லேப்டாப்ல விண்டோஸ் ஸ்பாட்லைட் போட்டு வச்சிருக்கேன். காபி கொண்டு வரும்போதெல்லாம் அம்மா அதை ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க. "இன்னைக்கு எந்த ஊருடி?"ன்னு கேப்பாங்க. எனக்குப் பாதி நாள் தெரியாது. "ஏதோ வெளிநாடும்மா"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாப்பேன்.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. முதல்ல வலது கண்ணு, சில வாரம் கழிச்சு இடது கண்ணுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில திரையில ஒரு ஏரி. சுத்தி வரிசையா பனி மலை. அம்மா பாத்துட்டு, "ஏன்டி, தண்ணி இப்படிப் பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருக்கு?"ன்னாங்க. நான் பாக்கறேன், பளிச்சுனு நீலம். "நீலம்மா அது." "போடி, எனக்குத் தெரியாதா, பச்சை." அப்படியே சிரிச்சுட்டு விட்டுட்டோம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா வீட்டுக்கு வந்ததுமே அம்மா ஒரு குண்டைப் போட்டாங்க. "ஒரு கண்ணு தெரியுதுல்ல, அது போதும். இன்னொரு தடவை சொட்டு மருந்து, பச்சைத் துணி, லீவு, செலவு, இதெல்லாம் வேண்டாம்." நான் சொன்னேன், அண்ணன் போன் பண்ணிச் சொன்னான், சித்தி நேர்லயே வந்து சொன்னாங்க. அசையலை.

ஒரு வாரம் கழிச்சு அவங்களே வந்து, "அந்தக் குளத்துப் படத்தைக் காட்டு, பச்சையா நீலமான்னு பாத்துடறேன்"னாங்க. லேப்டாப்பைத் திறந்தா ஏதோ ஒரு பாலைவனம். ஏரியைக் காணோம். எந்த ஏரின்னு பேரும் படிச்சு வைக்கலை. சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஆனா வீட்டுத் திரையில போன வாரம் வந்த ஒரு படத்தை எடுத்துக் காட்டத் தெரியலை.

அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட்.

ஏன் தினமும் ஒரு மலை?

முதல்ல கொஞ்சம் வரலாறு. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள்ல ஒரே படம் மணிக்கணக்கா நின்னா அதோட தடம் திரையிலயே பதிஞ்சிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்கிரீன் சேவர் வந்தது. எல்சிடி திரைகள் வந்த பிறகு அந்தத் தேவை ஏறக்குறைய போயிடுச்சு. ஆனா எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைப் பூட்டணும்ங்கற தேவை இருந்துச்சு. 2012-ல வந்த விண்டோஸ் 8, போன்ல இருக்கற மாதிரியே நேரம், தேதி, பின்னாடி ஒரு படம்னு தனியா ஒரு லாக் ஸ்கிரீனைக் கொண்டு வந்தது. 2015 ஜூலையில விண்டோஸ் 10 வந்தப்போ, அந்தப் படத்தை மைக்ரோசாஃப்ட்டே இணையம் வழியா மாத்திக்கிட்டே இருக்கற ஏற்பாடும் வந்தது. அதுதான் விண்டோஸ் ஸ்பாட்லைட்.

ஏன் பெரும்பாலும் இயற்கைக் காட்சியாவே இருக்கு? நான் பாத்த வரைக்கும் எனக்குத் தோணின காரணங்கள் மூணு. ஒண்ணு, படத்து மேல நேரத்தைப் பெரிய எழுத்துல காட்டணும். வானமோ தண்ணியோ இருந்தா எழுத்து தெளிவா தெரியும், சந்தை நெரிசல் மேல எழுதினா தெரியாது. ரெண்டு, ஒரு மலைக்கு மொழி கிடையாது. திண்டுக்கல்லயும் டோக்கியோலயும் அதே படத்தைப் போடலாம். மூணு, மனுஷ முகம் இருந்தா கண்ணு அங்கயே போயிடும். நாள் முழுக்க ஒரு அந்நியர் நம்மைப் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குப் பிடிக்கும்?

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் தாத்தான்னு ஒண்ணைச் சொல்லணும்னா, விண்டோஸ் எக்ஸ்பியோட அந்தப் பச்சை மேடும் நீல வானமும்தான். பேர் 'ப்ளிஸ்'. சார்ல்ஸ் ஓ'ரியர்ங்கற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில கலிஃபோர்னியாவோட சோனோமா பகுதியில காரை ஓரமா நிறுத்தி எடுத்தது. அந்த மேட்டுல அதுக்கு முன்னாடி திராட்சைக் கொடி இருந்தது. ஃபிலாக்ஸெராங்கற பூச்சி தாக்கினதால கொடிகளைப் பிடுங்கிப் போட்டாங்க. அதனாலதான் மழைக்கு அப்புறம் வெறும் புல்லா, அவ்வளவு வழவழப்பா இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 2000-ல உரிமையை வாங்கி, 2001-ல வந்த எக்ஸ்பியில போட்டது.

அந்தப் படத்தைப் பாத்த நிறைய பேர் "இது கம்ப்யூட்டர்ல செஞ்சது"ன்னுதான் நினைச்சாங்க. இல்லை. மாமியா ஆர்இஸட்67ங்கற ஃபிலிம் கேமராவுல, ஃபியூஜி வெல்வியா ஃபிலிம்ல எடுத்தது. வெல்வியா, நிறங்களைக் கொஞ்சம் அழுத்தமாவே காட்டற ஃபிலிம். படத்துல எதையும் சேர்க்கலைன்னு ஓ'ரியர் பல தடவை சொல்லியிருக்கார். "கண்ணுக்குத் தெரியற இந்த நிறம் நிஜமா?"ங்கற எங்க அம்மாவோட கேள்வி புதுசு இல்லைன்னு சொல்லத்தான் இதை இழுத்தேன்.

படம் உங்க கம்ப்யூட்டருக்கு எப்படி வருது?

இப்போ டெக்னிக்கல் பகுதி. ஹோட்டலுக்குப் போனதும் டேபிள்ல முதல்லயே தண்ணி இருக்கும்ல, அந்த மாதிரி. நீங்க திறக்கும்போது போய்த் தேடறது கிடையாது, முன்னாடியே கொண்டு வந்து வச்சிருக்கும்.

விண்டோஸ்குள்ள 'கன்டென்ட் டெலிவரி மேனேஜர்'னு ஒரு பகுதி இருக்கு. நீங்க வேற வேலை பாத்துட்டு இருக்கும்போது அது பின்னணியில சர்வர்கிட்ட, "அடுத்து என்ன காட்டட்டும்?"னு கேக்கும். சர்வர் ஒரு பட்டியலை அனுப்பும். அதுல படம் எங்கே இருக்கு, கூட என்ன வாசகம் வரணும், அதைத் தொட்டா எந்தப் பக்கம் திறக்கணும், இந்த மாதிரி விவரங்கள் இருக்கும். படங்கள் இறங்கி உங்க கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபோல்டர்ல உக்காந்துக்கும். அதனாலதான் நெட் இல்லாதப்பவும் ஏதோ ஒரு படம் தெரியுது.

அந்த ஃபோல்டர் ஒரு கேஷ், அதாவது தற்காலிகக் கிடங்கு. புதுப் படங்கள் வர வரப் பழசை விண்டோஸே அழிச்சிடும். எத்தனை நாள் இருக்கும்னு நம்பி இருக்க முடியாது. பிடிச்சிருந்தா அன்னைக்கே எடுத்து வச்சுக்கணும். இதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சே.

தேடி எடுக்கறது எப்படி?

1. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்க. மேலே 'வியூ'வுல மறைஞ்சிருக்கற ஃபைல்களைக் காட்டுங்கற 'ஹிடன் ஐட்டம்ஸ்'ஐ டிக் பண்ணுங்க.

2. சி டிரைவ், யூசர்ஸ், உங்க பெயர், ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ்னு வரிசையா உள்ளே போங்க.

3. அங்கே நூத்துக்கணக்குல ஃபோல்டர் இருக்கும். 'மைக்ரோசாஃப்ட் டாட் விண்டோஸ் டாட் கன்டென்ட் டெலிவரி மேனேஜர்'னு ஆரம்பிக்கறதைத் திறங்க. பின்னாடி புரியாத எழுத்துகள் ஒட்டிக்கிட்டு இருக்கும், கண்டுக்காதீங்க. அதுக்குள்ளே 'லோக்கல்ஸ்டேட்', அதுக்குள்ளே 'அசெட்ஸ்'.

4. இப்போ நீளமான, அர்த்தமே இல்லாத பெயர்களோட ஃபைல்கள் இருக்கும். என்ன வகை ஃபைல்னு சொல்ற பின்னொட்டும் கிடையாது. எல்லாத்தையும் டெஸ்க்டாப்ல ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி பண்ணுங்க. மூல ஃபோல்டர்ல கை வைக்காதீங்க.

5. அளவுப்படி வரிசைப்படுத்துங்க. சில கேபி மட்டும் இருக்கறது ஐகான் மாதிரி குட்டிச் சமாச்சாரம். சில நூறு கேபி இருக்கறதுதான் நம்ம படம். அதோட பெயருக்குப் பின்னாடி டாட் ஜேபிஜி சேர்த்தா போதும், திறக்கும்.

ஏன் பெயரை மாத்தினதும் திறக்குது? ஃபைலுக்குள்ள இருக்கறது முதல்லேருந்தே ஜேபெக் படம்தான். எந்த ஜேபெக் ஃபைலும் எஃப்எஃப், டி8 அப்படிங்கற ரெண்டு பைட்லதான் ஆரம்பிக்கும். அடையாள அட்டை உள்ளேயே இருக்கு, சட்டைப் பையில பெயர்ப் பட்டை குத்தலை, அவ்வளவுதான். ஒவ்வொரு காட்சியும் ரெண்டு வடிவத்துல இருக்கும். 1920×1080 அகலப் படம் லேப்டாப்புக்கு, 1080×1920 உயரப் படம் நிமிர்த்தி வைக்கற டேப்லட்டுக்கு.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11-ல டெஸ்க்டாப்புக்கும் ஸ்பாட்லைட் வந்த பிறகு சேமிக்கற இடம் மாறியிருக்கு. அசெட்ஸ் ஃபோல்டர் காலியா இருந்தா பதறாதீங்க. அதே பேக்கேஜஸ் ஃபோல்டர்ல 'மைக்ரோசாஃப்ட்விண்டோஸ் டாட் கிளையன்ட் டாட் சிபிஎஸ்'னு ஆரம்பிக்கறதுக்குள்ள, 'லோக்கல்கேஷ்', 'மைக்ரோசாஃப்ட்', 'ஐரிஸ்சர்வீஸ்'னு போய்ப் பாருங்க.

என் லேப்டாப்ல பழைய இடத்துலயே இருந்துச்சு. ஒவ்வொண்ணா திறந்தேன். கலங்கரை விளக்கம், நரி, ஏதோ ஒரு கோட்டை, பாலைவனம். ஏழாவதா ஏரி. ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்னு கை தட்டினேன்.

அந்த ஏரி எது?

பெயர் ஃபைல்ல இல்லை. படத்தை வச்சுத் தேடற ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டதும் உடனே வந்தது. மொரெய்ன் ஏரி. கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணம், பான்ஃப் தேசியப் பூங்கா. சுத்தி நிக்கற மலைகளால அந்தப் பள்ளத்தாக்குக்கே 'பத்துச் சிகரங்களின் பள்ளத்தாக்கு'ன்னு பேர். 1969 வரிசையில வந்த கனடாவோட 20 டாலர் நோட்டுப் பின்பக்கத்துல இருந்தது இந்த ஏரிதான். லாக் ஸ்கிரீனுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த நாட்டு மக்களோட சட்டைப் பையில இருந்திருக்கு.

சரி, நிறம்? மேலே இருக்கற பனிப்பாறை மெதுவா நகரும்போது அடியில இருக்கற கல்லை அம்மியில அரைக்கற மாதிரி அரைக்குது. அந்த மாவு உருகின தண்ணியோட ஏரிக்கு வருது. ரொம்ப நைஸா இருக்கறதால கீழே படியாம மிதக்குது. சிவப்பு ஒளியைத் தண்ணி உறிஞ்சிடும். நீலமும் பச்சையும் கலந்த ஒளியை இந்தக் கல் மாவு நாலா பக்கமும் சிதறடிக்குது. அதுதான் நம்ம கண்ணுக்கு வருது. பனி உருகி மாவு நிறைய வர்ற கோடையில நிறம் அழுத்தமா இருக்கும். ஆக, யாரும் கலர் ஊத்தலை.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. படத்துல பாத்தவங்க எல்லாம் நேர்ல பாக்கப் போனதுல அங்கே கார் நிறுத்த இடமே இல்லாமப் போச்சு. 2023-லேருந்து சொந்தக் கார்ல அந்த ஏரிக்குப் போக அனுமதி கிடையாது. பஸ்தான். ஆளே இல்லாத மாதிரி நமக்குத் திரையில தெரியற இடங்கள் பல, நிஜத்துல கூட்டம் தாங்காம வரிசை போட்ட இடங்கள்.

சும்மா கிடைக்கறதா?

தினம் ஒரு அழகான படத்தை ஒரு கம்பெனி எதுக்காகக் காசு குடுத்து வாங்கிக் காட்டுது? படத்தோட சேர்த்து வர்ற அந்தக் குட்டி வாசகங்களைத் தொட்டா உலாவி திறந்து அவங்களோட தேடல் பக்கத்துக்குப் போகும். படம் பிடிச்சிருக்கா, பிடிக்கலையான்னு கேக்கறதும் அடுத்து என்ன காட்டறதுன்னு முடிவு பண்ணத்தான். 2016 பிப்ரவரியில இன்னும் ஒரு படி மேலே போனாங்க. 'ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்' கேமோட படம் லாக் ஸ்கிரீனையே நிறைச்சு வந்து நின்னது. மலையை எதிர்பார்த்துத் திறந்தா விளம்பரம். நிறைய பேர் கோபப்பட்டாங்க. எனக்கு அந்தக் கோபம் புரியுது. வாசல்ல தினமும் கோலத்தை எதிர்பார்க்கற இடத்துல ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தா எப்படி இருக்கும்?

வேண்டாம்னா செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் போய் 'பிக்சர்' அல்லது 'ஸ்லைடுஷோ'ன்னு மாத்துங்க. அதுக்குக் கீழேயே குறிப்புகளும் துணுக்குகளும் காட்டவான்னு கேக்கற ஒரு டிக் இருக்கும். அதையும் எடுத்துடுங்க. ஒரே படம் நாள் கணக்கா மாறாம நின்னாலும் இதே வைத்தியம்தான். 'பிக்சர்'க்கு மாத்திட்டு மறுபடி 'ஸ்பாட்லைட்'க்கு வாங்க.

உரிமை பத்தியும் ஒரு வரி. உங்க கம்ப்யூட்டர்ல ஃபைல் இருக்குங்கறதால அது உங்க படம் ஆயிடாது. எடுத்தவர் ஒருத்தர் இருக்கார். வீட்ல திரையில வச்சுப் பாக்கறது வேற, உங்க யூடியூப் முகப்புலயோ கடை போர்டுலயோ போடறது வேற.

ரெண்டு கண்ணு, ரெண்டு ஏரி

மறுநாள் சாயங்காலம் அம்மாவை உக்கார வச்சுப் படத்தைக் காட்டினேன். "ஒரு கண்ணை மூடிட்டு மாத்தி மாத்திப் பாருங்க." பாத்தாங்க. "பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே"ன்னாங்க. எனக்கு முகம் தொங்கிப் போச்சு.

ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சது. சாயங்காலம் ஆனதும் தானா வர்ற மாதிரி 'நைட் லைட்' வச்சிருந்தேன். அது திரையோட நீல ஒளியைக் குறைச்சு மஞ்சளாக்கிடும். நீலத்தைக் காட்டறதுக்குன்னே உக்காந்துட்டு, நீலத்தை வடிகட்டி வச்சிருக்கேன்!

அதை அணைச்சேன். வலது கண்ணால பாத்தாங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் இடது கண்ணு. மறுபடி வலது.

"இதுல நீலம்டி. இதுல பழுப்பேறின பச்சை."

காரணம் ரொம்ப நேரடியானது. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகும், புரை வந்தா இன்னும் அதிகமாகும். அந்த மஞ்சள், நீல ஒளியை உள்ளே விடாம நிறுத்திடும். நைட் லைட் திரைக்குச் செய்யறதைத்தான் புரை கண்ணுக்குச் செய்யுது. வருஷக்கணக்குல மெதுவா நடக்கறதால நமக்கே தெரியாது. ஆபரேஷன்ல அந்த லென்ஸை எடுத்துட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைக்கறாங்க. அதனால நீலம் திரும்பி வருது. ஒரு கண்ணு முடிஞ்சு மறு கண்ணுக்குக் காத்திருக்கற அந்த இடைவெளியில மட்டும்தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். இது பரிசோதனை இல்லைங்க, வீட்ல ஒரு படம் பாத்தோம், அவ்வளவுதான். கண்ணு விஷயத்துல முடிவு டாக்டர்கிட்டதான்.

நான் எதுவும் சொல்லலை. ஏற்கெனவே மூணு பேர் சொல்லிப் பாத்தாச்சு. அம்மாவே திரையை விட்டுத் திரும்பிச் சுவத்தைப் பாத்தாங்க, கட்டியிருந்த சேலை முந்தானையைப் பாத்தாங்க, ஒரு கண்ணை மூடிக்கிட்டு. "இந்தச் சேலை கத்திரிப்பூ கலர்னு சொல்லித்தானே கடைக்காரன் குடுத்தான். நான்தான் அவனை ஏமாத்துறான்னு திட்டிட்டேன்"னாங்க. அப்புறம் காபி டம்ளரை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. கதவுகிட்ட போய் நின்னு, "ரெண்டாவதுக்கு எப்போ வரச் சொன்னார் அந்த டாக்டர்?"

அடுத்த மாசம் அதுவும் முடிஞ்சது.

இப்போ என் லேப்டாப்ல ஸ்பாட்லைட் இல்லை, ஸ்லைடுஷோதான். எடுத்து வச்ச படங்களை ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஊர் பேரைத் தமிழ்லயே ஃபைல் பெயரா வச்சிருக்கேன். கூடவே எங்க ஊர் மலைக்கோட்டையை மொட்டை மாடியிலேருந்து நானே எடுத்த படம் ஒண்ணும் இருக்கு. அது வந்தா மட்டும் அம்மா ஊர் கேக்கறதில்லை, "கோணலா எடுத்திருக்கே"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்குக் காலையில வர்ற படத்தைப் பாத்ததும் உடனே பாஸ்வேர்டு அடிக்காதீங்க. அது எந்த ஊருன்னு படிச்சுட்டு, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க ஏதாவது கேட்டா, எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.